மூன்று உலாவிகளும் ஓர் எழுத்தும்

விடை சொல்லுங்கள், பார்க்கலாம். திரையில் ஓர் எழுத்து. அதன் அளவென்ன என்று மூன்று பேரைக் கேட்டால் ஒருவர் பதினாறு என்கிறார்; ஒருவர் நூறு என்கிறார்; மூன்றாமவர் நடுத்தரம் என்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. எழுத்து எவ்வளவு பெரிது?

காலையிலிருந்து செபஸ்தியான் இதில்தான் மாட்டிக்கொண்டு விழித்தார். தையற்கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஐம்பது வயதில் ஜாவாஸ்கிரிப்ட் கற்க வந்தவர். குரு மும்தாஜுக்கு இருபத்தெட்டு வயது. சிறுவர் நூலகத்தின் கதைப் பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்க ஒரு பொத்தான் வைக்க வேண்டும். பார்வை மங்கிய சிறுமி குயிலி இன்று முதல்முறையாகத் தானே கதை வாசிக்கப் போகிறாள். அப்பாவோடு வந்தும்விட்டாள்.

நூலகத்தில் மூன்று கணினிகள், மூன்றிலும் இணையப் பக்கத்தைத் திறக்கும் உலாவி வேறு வேறு. இருக்கும் அளவை உலாவியிடம் கேட்டு, அதோடு நான்கைக் கூட்டும்படி செபஸ்தியான் நிரல் எழுதியிருந்தார். புதுக் கணினி பதினாறு என்று சொல்ல, எழுத்து அழகாக வளர்ந்தது. நடுக் கணினி நூறு சதவீதம் என்று சொல்லி, நூற்று நான்கு அளவுக்கு எழுத்தை யானையாக்கியது. சன்னலோரத்துக் கிழக் கணினி நடுத்தரம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

புதுக் கணினியில் மட்டும் குயிலியை உட்காரச் சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

அதற்கு மும்தாஜ், குயிலிக்கு ஒரு கவுன் தைக்க வேண்டும், அவள் எவ்வளவு உயரம் என்று விசாரித்து வாருங்கள் என்றாள்.

குயிலியின் அப்பாவைக் கேட்டார். "என் நெஞ்சு வரைக்கும். வாய் மட்டும் கூரை வரைக்கும்." நூலகரைக் கேட்டார். வயதுக்கேற்ற உயரம்தான் என்றார் அவர்.

செபஸ்தியானுக்குப் பொறுமை போயிற்று. சட்டைப்பையிலிருந்து டேப்பை உருவி, குயிலியைச் சுவரோடு நிறுத்தி அளந்தார்.

"டேப் இருக்கும்போது ஊரைக் கேட்டுத் தைக்கிறவன் உண்டா, டீச்சர்?"

"காலையிலேருந்து அதைத்தானே செய்றீங்க, அண்ணே."

செபஸ்தியான் டேப்பும் கையுமாக மறுகணம் நாற்காலிக்குப் பாய்ந்தார்.

எழுத்தின் அளவையே தன் உயரமாகக் கொண்ட ஒரு வெற்றுப் பெட்டியை, யார் கண்ணிலும் படாதபடி நிரலால் திரையில் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். உலாவியிடம் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியை அளந்தார். புதுக் கணினியில் பதினாறு. நடுவிலும் பதினாறு. சன்னலோரம் ஓடினார். கிழமும் பதினாறு என்றது. அதோடு நான்கைக் கூட்டச் சொன்னதும் மூன்றிலும் எழுத்து ஒரே மாதிரி வளர்ந்தது.

குயிலியை எதில் உட்கார வைக்கட்டும் என்று கேட்டார்.

"அதை அவகிட்டதான் கேக்கணும்" என்றாள் மும்தாஜ்.

கேட்டார். குயிலி சன்னலோரத்துக் கணினியில் உட்கார்ந்தாள். பொத்தானை இரண்டு முறை அழுத்தினாள். மூன்றாம் முறை அழுத்தவில்லை; கதையின் முதல் வரியை வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.