தட்டில் இருந்தது

மண்ணில் கலந்த நஞ்சை அளக்கக் கற்றுக்கொள்ள ஆய்வுக்கூடம் நடத்திவந்த திலகவதியிடம் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் சென்னியப்பன். குருவைவிட வயதில் மூத்தவர். அதனால் திலகவதி அவரை அண்ணா என்று கூப்பிட்டாள். அவர் அவளை அம்மா என்றார்.

முன்பு அவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறைத் தண்ணீர் எந்த வாய்க்காலில் போனது, எந்த விவசாயக் காட்டில் பாய்ந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு காட்டு மண்ணையும் அளக்கும்போது, இது நல்லதாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வார்.

வாய்க்காலை ஒட்டி வேலாத்தாள் முள்ளங்கி போட்டிருந்தாள். பரிசோதனைக் காகிதம் இருந்தால்தான் எடுப்பேன் என்று வியாபாரி சொல்லிவிட்டார். முற்றினால் முள்ளங்கி உள்ளே பஞ்சுபோல நெட்டியாகிப் போகும். கிழங்கு மண்ணிலேயே காத்துக் கிடந்தது.

சென்னியப்பன் மண்ணை எடுத்தார், கிழங்கை எடுத்தார். கழுவி, உலர்த்தி, பொடித்து, காய்ச்சி, கருவியில் வைத்தார். கிழங்கில் காட்மியம் என்கிற நச்சு உலோகம் இருந்தது. ஆனால் விதித்த அளவுக்குக் கீழேதான். மறுபடியும் அளந்தார். அதேதான் வந்தது.

"கிழங்கு சரியாக இருக்கிறது அம்மா. நல்லது என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?"

"வேலாத்தாள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்களா அண்ணா?"

இல்லை என்றார். வாருங்கள் போவோம் என்று கிளம்பிவிட்டாள்.

போனபோது மத்தியானச் சோற்று நேரம். வேலாத்தாள் இருவரையும் உட்காரவைத்தாள். பக்கத்தில் அவள் மகள் சிவகாமி உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள். முகம் வெளுத்திருந்தது. ரத்தம் பத்தவில்லை, தினமும் கீரை சாப்பிடு என்று நர்ஸ் சொன்னதாகவும், இப்போதெல்லாம் காலையில் ஆக்கும் கீரைதான் இரண்டு வேளையும் என்றும் வேலாத்தாள் சொன்னாள். காட்டிலேயே கிடைக்கிறதே, கடைக்கு எதற்குப் போவது என்றாள்.

சட்டி வந்தது. முள்ளங்கித் தழைப் பொரியல். தேங்காய் தாராளமாகப் போட்டிருந்தது.

"கிழங்கு சந்தைக்குப் போயிருமுங்க. தழை நமக்கு" என்று வேலாத்தாள் சிவகாமியின் தட்டில் முதலில் வைத்தாள்.

திலகவதி கை நீட்டி அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதை எனக்குக் கொடு கண்ணு. சட்டியில் இருப்பதையும் நான் எடுத்துக்கொள்கிறேன்."

சென்னியப்பனுக்குக் கூச்சமாகிவிட்டது. வேலாத்தாள் சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, மாசமா இருக்கறவ தட்டைப் பிடுங்கித் திங்கற அளவுக்கு ஆசையா? வீட்டுல ஆக்கிப்போட ஆளில்லீங்களா?"

"இல்லைங்கக்கா" என்றாள் திலகவதி.

சிவகாமி அன்று ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். பொரியலைத் தூக்குப்போசியில் அடைத்துக்கொண்டு இருவரும் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்கள். சமைத்த பொரியலையா அளப்பார்கள் என்று வழியில் சென்னியப்பன் முணுமுணுத்தார். அளப்பது நீங்கள்தான் என்றாள் அவள்.

அவரே அளந்தார். கருவி காட்டியதை நம்பாமல் சட்டியின் அடியில் இருந்ததை எடுத்து மறுபடி வைத்தார். கிழங்கில் இருந்ததைப்போலப் பல மடங்கு தழையில் இருந்தது, விதித்த அளவையும் தாண்டி. விடிகிற நேரம் திலகவதி உள்ளே வந்தபோது அவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் எங்கே தப்பு செய்தேன் அம்மா?"

"தப்பு ஒன்றுமில்லை. கிழங்கைக் கேட்டீர்கள். கிழங்கு பதில் சொன்னது."

"காகிதத்தில் என்ன எழுதுவது?"

"கிழங்கு அளவுக்குள் இருக்கிறது என்று எழுதுங்கள். அது நிஜம்தானே."

"தழைக்கு?"

"தழைக்கு யாரும் காகிதம் கேட்கவில்லை. அதை நேரில்தான் சொல்ல வேண்டும்."

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிளம்பிப் போக அவரால் முடியவில்லை.

"அந்தப் பெண் இத்தனை நாளாகத் தின்றிருக்கிறாள். தாய் கையால் போட்டது. நல்லது என்று நம்பிப் போட்டது. பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவர்கள் முகத்தைப் பார்த்து நான் என்னவென்று சொல்ல?"

திலகவதி கதவைத் திறந்துவிட்டாள். வெளியே பால்காரரின் சைக்கிள் மணி கேட்டது.

"அதை வழியில் யோசித்துக்கொள்ளுங்கள் அண்ணா. அவர்கள் அடுப்பு மூட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்."