செவலைக் கோழி கவிழ்த்த இரண்டாவது கூடை

அந்தக் காலத்தில், கோழியும் குரங்கும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கோழிக்குக் கிளறவே தெரியாது. போட்டதைக் கொத்தித் தின்னும். அலகைத் தரையில் துடைத்துக்கொண்டு போய்விடும்.

அப்போது ஓர் ஓடைக்கரையில் பிராணிகள் ஊராகக் கூடி வாழ்ந்தன. அந்த ஊரில் சாப்பாட்டு மிச்சத்தை யாரும் தெருவில் வீசக் கூடாது. தோல், காம்பு, மிஞ்சின சோறு எல்லாவற்றையும் வாசலில் ஒரு சட்டியில் போட்டு வைக்க வேண்டும். விடிந்ததும் செவலைக் கோழி கூடையோடு வந்து, "சட்டியை எடுத்து வைங்க!" என்று கூவும். சேர்ந்ததை ஊர்க்கோடிக் குழியில் கொட்டும். குழிக்குள் இருந்த மண்புழுக்கள் அதைக் கறுப்பு மண்ணாக்கித் தரும். அவரவர் தோட்டத்துக்கு அள்ளிக்கொண்டு போவார்கள்.

செவலையின் வீட்டில் வைக்கோல் போட்ட இன்னொரு கூடையும் இருந்தது. அதில்தான் முட்டையிட்டு அடைகாத்து வந்தது. காலையில் ஒரு நடை வேலைக்குப் போய்விட்டு ஓடிவந்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் குரங்கு வீட்டில் கல்யாணம். மறுநாள் வாசல் முழுக்க எச்சில் இலை.

"ஒரு கூடை எந்த மூலைக்கு? இன்னொண்ணு கொண்டா அக்கா," என்று குரங்கு குதித்தது. "சம்பந்தி வீட்டார் வர்ற நேரம். வாசல்ல மூக்கைப் பொத்தினாங்கன்னா என் மானம் போச்சு!"

பறக்காத குறையாக ஓடிய செவலை, அகப்பட்ட கூடையைத் தூக்கி வந்தது. குரங்கு இலைகளை அள்ளி அதில் போட்டது. செவலை இரண்டு கூடைகளையும் குழியில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தது.

கூடையைப் பழைய இடத்தில் வைத்து அடையில் உட்கார்ந்தால், வயிற்றில் கூடையின் மூங்கில் குத்தியது. எழுந்து பார்த்தது. வைக்கோலும் இல்லை, முட்டையும் இல்லை.

குழிக்கு ஓடிப் போய் அலறியது. மண்புழு ஒன்று, தலையா வாலா என்று தெரியாத ஒரு முனையை நீட்டியது.

"தம்பி, வெள்ளையா உருண்டையா ஏதாவது பார்த்தியா?"

"எனக்குக் கண்ணே கிடையாதே அக்கா! எந்தப் பக்கம் கொட்டினே?"

"இந்தப் பக்கம். இல்லை, அந்தப் பக்கம். முதல் கூடையை இங்கே, ரெண்டாவதை... ஐயோ, எதை முதல்ல கொட்டினேன்?"

வேலியில் இருந்த அணில் சிரித்தது. "ஊரார் சட்டியை ஒண்ணு விடாம எடுக்கிறவ, சொந்த முட்டையை எங்கே போட்டேன்னு கேக்கிறா பாரு!"

"அலகால குத்தாதே அக்கா, உடைஞ்சிரும்," என்றது மண்புழு. "காலால மெள்ள இழு. பயப்படாதே, இங்கே உள்ளுக்குள்ள வெதுவெதுன்னுதான் இருக்கு. உன் வயிறு மாதிரி."

செவலை காலால் ஒரு தரம் இழுத்தது. மிதித்துவிட்டோமோ என்று ஓரடி பின்னால் வந்தது. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. மறுபடி இழுத்தது. இப்படியே பல நாள். கிளறின இடத்தையே கிளறியது. கிளறாத இடம் எதுவென்று அதற்கே தெரியவில்லை.

ஒரு காலையில் மக்கின இலைக்கு அடியிலிருந்து "கீச்" என்று சத்தம். செவலை காலால் விலக்கியது. முதுகில் இலைநார் ஒட்டிக்கொண்டு ஒரு குஞ்சு எழுந்து நின்றது! செவலை அதைச் சிறகுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டது.

அணிலுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒண்ணுதானா அக்கா? எத்தனை இட்டே?"

செவலை கால் விரலை மடக்கி எண்ணியது. "ஒண்ணுதான். இல்லை, ரெண்டு. அன்னிக்கு இட்டது ஒண்ணு. அதுக்கு முந்தின நாள் இட்டேனா, இல்லை, இடணும்னு நினைச்சேனா?" குனிந்து குஞ்சைக் கேட்டது. "கண்ணு, உன் பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"கீச்," என்றது குஞ்சு.

இருந்தார்கள் என்கிறதா, இல்லை என்கிறதா? செவலைக்குப் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் காலால் இழுத்துப் பார்த்தது.

அன்று முதல்தான் கோழி, குஞ்சு கூடவே வர, குப்பையைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. பெருக்கின வாசலில் சுத்தமான அரிசியைப் போட்டாலும், முதலில் காலால் தள்ளி, ஓரடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொத்துகிறது.