ஜெசிந்தாவின் கடைசிக் குப்பி

மதுரையில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில், பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை ஆராய்கிற கூடம் இருந்தது. டாக்டர் மரகதவல்லி அதை நடத்தி வந்தார். உட்காரவைத்து அவர் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. கேள்வி கேட்டால், பெரும்பாலும் எழுந்து போய் ஏதாவது ஒரு வேலையைச் செய்வார். கேட்டவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவரிடம் கற்றவர்களில் ஷமீமா கெட்டிக்காரி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மேற்படிப்புக்கென்று வந்தவள், ஆராய்ச்சியிலேயே தங்கிவிட்டாள்.

தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா என்ற ஏழு வயதுப் பெண்ணை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அப்பா கஸ்பார் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா பெயர் லூர்து. முதலில் மருந்துக்கு நோய் அடங்கியது. பிள்ளைக்குத் தலைமுடிகூட முளைக்கத் தொடங்கியது. பிறகு நோய் திரும்பி வந்தது. இந்த முறை எந்த மருந்துக்கும் மசியவில்லை. மழைக்காலம் முடியுமுன் ஜெசிந்தா போய்விட்டாள். கடைசி நாட்களில் குளிருது, குளிருது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு மேல் போர்வை போர்த்தியும் போதவில்லை.

அவளுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த நோய்ச் செல்களைப் பெற்றோர் சம்மதத்தோடு ஷமீமா உறையவைத்திருந்தாள். அந்தச் செல்களில் அரிதான ஒரு மரபணு மாற்றம் இருந்தது. அந்த மாற்றத்தோடு வந்த எந்தப் பிள்ளையும் அந்தக் கூடத்திலிருந்து பிழைத்துப் போனதில்லை. ஷமீமா ஒவ்வொரு மருந்தாக அந்தச் செல்களின் மேல் விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மருந்துக்கு மட்டும் செல்கள் சுருங்கி மடிவதுபோல் தெரிந்தது. திரும்பவும் செய்து பார்த்தால்தான் நம்பலாம். அதற்கென்று ஒரு குப்பிதான் மிச்சமிருந்தது.

ஜெசிந்தா போன மூன்றாம் வருடம், அவளுடைய பிறந்த நாளன்று கஸ்பாரும் லூர்தும் வார்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க வந்தார்கள். லூர்து, மகள் படுத்திருந்த கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறுதலாக இருக்கட்டும் என்று ஷமீமா அவளைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னாள்: உங்கள் மகள் மொத்தமாகப் போய்விடவில்லை, அவளுடைய துளி ஒன்று இங்கே பத்திரமாக இருக்கிறது, நாளைக்கு அதனால் வேறு பிள்ளைகள் பிழைக்கலாம்.

லூர்து அழுகையை நிறுத்தினாள். எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ஷமீமா குளிர்க்கலனைக் காட்டினாள். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. லூர்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கஸ்பாரோடு ஊருக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் கஸ்பார் மட்டும் வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அதைத் திருப்பித் தந்திருங்க, டாக்டரம்மா" என்றார்.

எதை என்று ஷமீமாவுக்குப் புரியவே சற்று நேரம் ஆனது.

"கையெழுத்துப் போட்டத மறந்து, நாங்க புள்ளைய முழுசாப் பொதைச்சிட்டோம்னுதான் நெனச்சிட்டிருந்தோம். இப்ப அவ அம்மா, எம் புள்ள அங்க குளிருல கெடக்குன்னு சொல்லுதா. வேற பேச்சே இல்ல. அடுப்பு மூட்டப் போனா, தீயப் பாத்துக்கிட்டே உக்காந்திருதா."

ஷமீமா அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். அது பிள்ளை அல்ல, பிள்ளையைக் கொன்ற நோய் என்றாள். அதில் ஒரு வழி தெரிய ஆரம்பித்திருக்கிறது, இந்தக் குப்பி போனால் அந்த வழி மூடிவிடும் என்றாள். இனி வரப்போகும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். கஸ்பார் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

"நீங்க சொல்லுதது சரிதாம்மா" என்றார். "அவளுக்குத்தான் அது ஏற மாட்டேங்கு."

ஷமீமா நேரே மரகதவல்லியிடம் போனாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். தன் வாயால்தான் இது வந்தது என்பதையும் மறைக்கவில்லை. கஸ்பாருக்கு உங்கள்மேல் சாமிக்கு நிகரான மரியாதை, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினாள்.

"நான் சொன்னா ஒத்துக்குவாரு" என்றார் மரகதவல்லி. "அதனாலதான் நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப அந்த மருந்து, மேடம்?"

மரகதவல்லி எழுந்து ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, கலனுக்குள்ளிருந்து அந்தக் குப்பியை எடுத்தார். சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அதை ஒரு உறையிலும் அதன் மேல் இன்னொரு உறையிலும் போட்டு ஒட்டினார். புகை அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

ஷமீமாவுக்குத் தெரியும்: இப்படி உருகினால் அந்தச் செல்கள் பிழைக்காது. உறைந்த நிலையிலேயே கொடுத்தனுப்பினால், வழியில் அவர்கள் மனம் மாறினால்கூடத் திரும்ப வாங்கி வைக்கலாம். அவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். மரகதவல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அவர் கைகள் சிவந்து, பிறகு வெளுத்தன. நடுவே ஒருமுறை கைகளை வாயருகே கொண்டுபோய் ஊதினார். உள்ளே இருந்த வெள்ளைக் கட்டி கரைந்து, மங்கலான நீராக ஆடியது. ஷமீமாவின் மூன்று வருட உழைப்பு அது.

மரகதவல்லி குப்பியைக் கஸ்பாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "உறையப் பிரிக்க வேண்டாம். அப்படியே வச்சிருங்க" என்று மட்டும் சொன்னார். கஸ்பார் அதை வாங்கியதும் கையில் உருட்டிப் பார்த்தார். சட்டைப்பைக்குள் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே படியிறங்கினார்.

பிறகு அவர் போனில் கூப்பிட்டுச் சொன்னார். சாமியாரை வைத்து ஜெபம் சொல்லி, மகளின் தலைமாட்டில் புதைத்துவிட்டார்களாம். மண் தள்ளுமுன் லூர்து குப்பியைத் தொட்டுப் பார்த்தாளாம். சில்லிப்பு இல்லை என்றாளாம். அன்று உலை வைத்தாளாம்.

ஷமீமா அதே கூடத்தில் வேறு ஆராய்ச்சிக்கு மாறிக்கொண்டாள். மரகதவல்லியோடு தேவைக்கு மட்டுமே பேசினாள்.

மறு வருடம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தவசி என்ற பையன் வந்தான். ஐந்து வயது. அவன் அம்மா ஒச்சம்மா புருஷனை இழந்தவள், கல்லுடைக்கிற வேலை செய்தவள். தவசி ஊசி போடும்போது அழமாட்டான். போட்டு முடித்ததும் ஊசி போட்டவரை முறைப்பான். வார்டே அவனுக்கு அடிமையாகிவிட்டது.

அவனுடைய நோயும் அடங்கி, திரும்பி வந்தது. செல்களைச் சோதித்துப் பார்த்த ஷமீமா, முடிவை மறுபடியும் எடுத்துப் படித்தாள். ஜெசிந்தாவுக்கு இருந்த அதே மாற்றம்.

இருக்கிற மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். செல்களைச் சுருக்கியதுபோல் தெரிந்த அந்த மருந்தைக் கொடுக்க வழியில்லை. ஒரே ஒருமுறை பார்த்ததை நம்பி, குழந்தை உடம்பில் அதை ஏற்ற எந்த மருத்துவ நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. ஷமீமா எழுதிக் கேட்டாள். தரவில்லை.

இனி செய்வதற்கில்லை என்று சொல்ல மரகதவல்லியே வார்டுக்குப் போனார். ஷமீமா பின்னால் நின்றாள். ஒச்சம்மா மகனின் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டாள். கைகள் நிற்கவில்லை.

"இம்புட்டுப் பெரிய ஆசுபத்திரியில இதுக்கு யாரும் மருந்தே தேடலையா?" என்றாள்.

"தேடினோம்" என்றார் மரகதவல்லி. "ஒரு வழி தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. பாதியில நின்னுபோச்சு. நிறுத்தினது நான்."

ஷமீமா அவர் கையைத் தொட்டாள். மரகதவல்லி நிறுத்தவில்லை. இதே நோயால் இறந்த ஒரு குழந்தையின் அம்மா, எடுத்துவைத்திருந்ததைத் திருப்பிக் கேட்டதையும், தான் கொடுத்துவிட்டதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"அது இருந்திருந்தா எம் மகன் பொழைச்சிருப்பானா?"

"தெரியலம்மா. பொழைச்சிருக்கலாம்."

ஒச்சம்மாவின் கைகள் நின்றன. உங்கள் வயிற்றில் பிறந்தவன் இங்கே கிடந்தால் அதைக் கொடுத்திருப்பீர்களா என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. வார்டில் இருந்த மற்ற அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரகதவல்லி தலைகுனிந்து நின்றார். இனி என் கண்ணில் படாதீர்கள் என்று ஒச்சம்மா சொன்ன பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார்.

நடையில் ஷமீமா வழிமறித்தாள்.

"அவகிட்ட எதுக்கு மேடம் சொன்னீங்க? போற பிள்ளை நிம்மதியாப் போயிருப்பான். அவளும் விதின்னு தேத்திக்கிட்டிருப்பா."

"கேட்டாளே."

"அன்னைக்குக் கொடுக்காம இருந்திருந்தா, இன்னைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது."

"ஆமா" என்றார் மரகதவல்லி.

அவர் கண்கள் கலங்கியிருந்ததை ஷமீமா முதன்முதலாகப் பார்த்தாள். வழியை விட்டு ஒதுங்கினாள்.

தவசி நாளுக்கு நாள் தேய்ந்தான். முறைப்பதைக்கூட விட்டுவிட்டான். ஒருநாள் காலையில் ஒச்சம்மா நர்ஸிடம், பெரிய டாக்டரையும் அந்த இன்னொரு டாக்டரையும் வரச் சொல்லு என்றாள்.

இருவரும் போய் நின்றார்கள்.

"இவங்கிட்டருந்தும் அத எடுக்க முடியுமா?" என்று ஒச்சம்மா கேட்டாள்.

முடியும் என்றாள் ஷமீமா. ஆனால் அவனுக்கு அதனால் எந்தப் பலனும் இருக்காது என்பதையும், மயக்க மருந்து கொடுத்து வலியில்லாமல் எடுக்கலாம் என்பதையும் சொன்னாள். வேண்டாம் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஒச்சம்மா மகனின் நெற்றியை வழித்துவிட்டாள்.

"எடுத்துக்கங்க. அடுத்து வாற புள்ளைக்காவது ஆகட்டும்" என்றாள். பிறகு மரகதவல்லியை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இன்னும் அப்படியே இருந்தது. "ஆனா அந்தப் பொம்பள மாதிரி நான் திருப்பிக் கேட்டு வந்து நிக்க மாட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றார் மரகதவல்லி. "என்னைக்கு வேணும்னு தோணுதோ, வந்து கேளுங்க. கொடுப்போம்."

ஷமீமா தலையைக் குனிந்துகொண்டு, தவசியின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.