வராந்தாவில் நின்ற ஸ்கேன் மெஷின்

ஒரு ஆஸ்பத்திரிக்கு, இருதயத்தைப் படம்பிடிக்கும் புது ஸ்கேன் மெஷின் வந்து இறங்கியது. "இருதயம் என் பிரிவு, மெஷினும் எனக்குத்தான்" என்றார் இருதய டாக்டர் ஞானசேகரன். "எந்த ஸ்கேனானாலும் என் அறைக்குத்தான் வரணும்" என்றார் ஸ்கேன் டாக்டர் ரோஸ்லின். மெஷின் வராந்தாவிலேயே நின்றது. மூச்சு வாங்கும் நோயாளிகள் அதைப் பார்த்தபடி பெஞ்சில் காத்துக் கிடந்தார்கள்.

பெரிய டாக்டருக்கு யாரையும் பகைத்துக்கொள்ளத் தைரியமில்லை. வார்டு ஆயா சந்தனமாரியைக் கூப்பிட்டார்.

"மத்தியானத்துக்குள்ள இதை ஒரு இடத்துல சேர்த்துடு. ரெண்டு பேர்ல யார் முகம் சுளிச்சாலும் உனக்கு இங்க வேலை இல்லை."

சந்தனமாரி மெஷினைத் தள்ளிக்கொண்டு நேரே ஞானசேகரனிடம் போனாள்.

"உங்களுக்கேதான் சார். இனிமே ராத்திரி எந்நேரம் நோயாளி வந்தாலும் உங்களையே எழுப்பச் சொல்லிடறேன்."

ஞானசேகரன் லேசாக இருமினார். "ரோஸ்லின் மேடம் நல்லாவே எடுப்பாங்க. அங்கேயே வைம்மா."

ரோஸ்லினிடமும் போய் அதையே சொன்னாள். "ஐயோ, இருதயம் அவர் சமாச்சாரமாச்சே!" என்று பதறினார் மேடம்.

"அப்போ அவசரப் பிரிவுல வெச்சுடறேன். ஆளுக்கொரு ராத்திரி வந்தாப் போதும்" என்று இருவரிடமும் சொன்னாள் சந்தனமாரி. இருவரும் விட்டால் போதுமென்று தலையாட்டினார்கள்.

மத்தியானத்துக்குள் முதல் நோயாளிக்குப் படம் எடுத்தாயிற்று. பெரிய டாக்டர் வாய் பிளந்தார். "எப்படி சம்மதிக்க வெச்சே?"

"நான் எங்க சார் சம்மதிக்க வெச்சேன்? கேட்டவங்களுக்குக் கேட்டதைக் குடுத்தேன். அவங்கதான் வாங்கிக்கலை" என்று சொல்லிவிட்டு, சந்தனமாரி நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.