கையால் தொட்டால்தான் குற்றம்

அல்லிக்குளத்தங்கரையில் பறவைகளுக்கு ஒரு கல்லூரி இருந்தது. அதன் முதல்வர் ஒரு நாரை. குச்சி குச்சியாகச் சுமந்து, சேற்றை மேடாக்கி, தன் அலகாலேயே அந்தக் கல்லூரியைக் கட்டியவர். அதற்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவருக்கு எப்போதும் கவலை. பிடித்த மீன் தொண்டையில் இறங்காத அளவுக்குக் கவலை!

அங்கே நடனப் பேராசிரியர் மயில். மழைத் திருவிழாவில் அவர் தோகையை விரித்தால் காடே கூடிவிடும். கல்லூரிக்குப் பெயரே மயிலால்தான் என்று நாரை நம்பினார். மயில் அதைவிட உறுதியாக நம்பினார்.

ஒரு நாள் காலையில் காடை வந்து நின்றாள். புதர்க்காட்டிலிருந்து படிக்க வந்த முதல் காடை அவள். கழுத்தில் இறகு பிய்ந்திருந்தது.

"ஐயா, தனிப் பயிற்சின்னு மயில் சார் கூப்பிட்டார். பக்கத்துல வந்து வந்து உரசினார். வேண்டாம்னு சொன்னேன். கழுத்தைக் கொத்திப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. நான் கத்தினதும்தான் விட்டார். இனிமே அவர் வகுப்புக்குப் போக மாட்டேன். ஆனா நான் ஆடக் கத்துக்கணும் ஐயா!"

நாரைக்குப் போன வருஷம் மைனா ஒருத்தி படிப்பைப் பாதியில் விட்டுப் போனது நினைவுக்கு வந்தது. ஏன் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே!

"நீ போய்ச் சாப்பிடும்மா. நான் பார்த்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொள்வதற்காக உடும்பு வக்கீலைக் கூட்டி வந்தார்.

உடும்பு எல்லாவற்றையும் நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டுக்கொண்டார்.

"உங்க கல்லூரியில இதுக்கு விதி இருக்கா?"

"இல்லையே!"

"அதான் தப்பு! விதி இருந்தா, 'விதிப்படி செஞ்சோம்'னு சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கலாம்."

"அந்தப் பொண்ணுக்கு நியாயம்...?"

"ஐயா, நீங்க என்னைக் கூப்பிட்டது கல்லூரியைக் காப்பாத்தவா, காடையைக் காப்பாத்தவா?"

நாரை ஒரு காலை மடக்கி மறு காலை ஊன்றிக்கொண்டார்.

மறுநாளே விதி வந்துவிட்டது. உடும்பு உட்கார்ந்து யோசித்து எழுதியதா? அட, நீங்கள் வேறு! பட்டணத்தில் மனுஷர்கள் தங்கள் கல்லூரிக்கு எழுதி வைத்ததை அப்படியே ஓலையில் இறக்கியிருந்தார். ஈயடிச்சான் காப்பி! "மாணவியைக் கையால் தொடுவது குற்றம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

நாவல் மரத்தடியில் விசாரணை கூடியது. எல்லாரும் வந்திருந்தார்கள். உடும்பு கேட்டார்.

"மயில் உன்னை எதால தொட்டார்?"

"அலகால. அப்புறம் றெக்கையால."

"கையால தொட்டாரா?"

"அவருக்குக் கை ஏதுங்க!"

"அவ்வளவுதான்! கையே இல்லாதவர் கையால எப்படித் தொடுவார்? குற்றம் இல்லை!"

மயில் தோகையை ஒரு சிலுப்புச் சிலுப்பிக்கொண்டார். காடை தேம்பித் தேம்பி அழுதாள். சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சமையல்காரி மந்திக்குப் பொறுக்கவில்லை. ஓடி வந்து காடையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதேடி கண்ணு. அன்னைக்கு நீ கத்தினது என் காதுல விழுந்துச்சு. நான் சொல்றேன் சாட்சி!"

உடும்பு துள்ளி எழுந்தார். "எல்லாரும் பார்த்தீங்களா? கை! மாணவியைக் கையால தொட்டாச்சு! குற்றவாளி சாட்சி சொல்ல முடியாது. ஐயா, இவளை இப்பவே வெளியே அனுப்புங்க!"

நாரைக்கே தூக்கிவாரிப் போட்டது. மாணவிகள் காலில் முள் தைத்தால் எடுத்துவிடுகிறவள் மந்தி ஒருத்திதான். அந்தக் கல்லூரியில் கை இருப்பதும் அவள் ஒருத்திக்குத்தான்!

"வக்கீல் சார், இது அநியாயமா இல்லையா?" என்று மெல்லக் கேட்டார்.

"இருக்கலாம். ஆனா விதிப்படி இருக்கு!"

நாரை ஓலையைப் பார்த்தார். மயிலைப் பார்த்தார். நெருங்கி வரும் திருவிழாவை நினைத்துக்கொண்டார். "மந்தி... நீ கொஞ்ச நாள் வெளியே இரு" என்றார். காடையின் முகத்தைப் பார்க்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. வெட்கக்கேடு!

காடையின் அழுகை நின்றது. எழுந்து மந்தியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"வக்கீல் சார், எனக்கும் கை இல்லை. நான் மந்தி அக்காவைக் கட்டிப் பிடிச்சா விதிப்படி சரிதானே?"

இறக்கையை விரித்து அணைத்துக்கொண்டாள். அப்படியே இருவரும் வெளியே நடந்தார்கள். பின்னாலேயே தாரா வாத்து எழுந்து போனாள். நீர்க்கோழி போனாள். மற்ற மாணவிகளும் ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள்.

"ஐயோ, எல்லாரும் போறாங்களே!" என்று நாரை பதறினார்.

"போகட்டும் விடுங்க! வெளியே போனவங்க இங்கே புகார் கொடுக்க முடியாது!"

மழைத் திருவிழா வந்தது. எதிர்க்கரையில் மந்தி கைதட்டித் தாளம் போட்டாள். போன வருஷம் போன மைனா பாடினாள். காடை ஆடினாள். தாளம் அங்கங்கே தப்பியது, யாருக்கு என்ன? காடே அங்கேதான் கூடியிருந்தது. இந்தக் கரையில் மயில் தோகையை விரித்துச் சேற்றுக்கு ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார்.

நாரை காலி வகுப்புகளைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. "நான் கட்டின கல்லூரி போச்சே, வக்கீல் சார்!"

"என்ன ஐயா இப்படிச் சொல்றீங்க!" உடும்பு சந்தோஷமாக வாலை அடித்தார். "இப்ப ஒரு புகார்கூட இல்லை பாருங்க. இந்தக் காட்டிலேயே சுத்தமான கல்லூரி உங்களோடதுதான்!"

அழுதவளைக் காக்காமல் தன் பெயரைக் காக்க மட்டும் விதி எழுதும் இடத்தில், கடைசியில் அந்த விதி மட்டும்தான் மிஞ்சும்.