ஏரிக்கரையில் ஒரு கசிவு

ஊரார் தங்கள் பொது ஏரியையும் கரைத்தோப்பையும் பார்த்துக்கொள்ளும்படி மடத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். மடத்து அடிகள் அந்தப் பொறுப்பைத் தம் சீடன் திருமேனிக்குக் கொடுத்தார். பல வருடம் அவன்தான் பார்த்துக்கொண்டான். மரம் வைத்தான், மதகைச் சீராக்கினான். ஆடு ஓட்டி வந்தவர்களையும் குளிக்க வந்தவர்களையும் “என் ஏரியில் இறங்காதே” என்று விரட்டினான்.

ஒரு மழைக்காலத்துக்கு முன், அடிகள் அந்தப் பொறுப்பைச் சடையன் என்ற இன்னொரு சீடனுக்கு மாற்றினார். காரணம் சொல்லவில்லை.

திருமேனிக்கு வயிறு எரிந்தது. தான் வைத்த மருதமர நிழலில் ஊரார் சடையனோடு உட்கார்ந்து சிரித்துப் பேசினார்கள். அவனுக்கு வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏரி நிரம்பியபோது, சடையன் கைராசிக்காரன் என்றார்கள்.

ஒரு காலையில் கரையின் வெளிப்பக்கம் நீர் கசிவதைத் திருமேனி பார்த்தான். நண்டு வளை. ஒரு கூடை களிமண் போதும். அவன் குனியவில்லை. பெரிதாகட்டும், சடையனின் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும் என்று நடந்தான்.

மாலையில் அடிகளிடம் போய், சடையனின் கவனக்குறைவால் கரை உடையப் போகிறது என்றான்.

“எப்போது பார்த்தாய்?”

“காலையில்.”

அடிகள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். திருமேனி பின்னால் போனான்.

அதற்குள் சடையனும் கசிவைக் கண்டு, கரையின் உட்பக்கம் கழுத்தளவு நீரில் நின்று துளையைத் தேடிக்கொண்டிருந்தான். வைக்கோலும் களிமண்ணும் கரைமேல் குவிந்து கிடந்தன. கீழே ஊரின் நெல்வயல்கள் கதிர் விட்டிருந்தன. திருமேனியைக் கண்டதும் சடையனின் முகம் தெளிந்தது.

“அண்ணா, வளையின் வாய் எனக்குத் தட்டுப்படவில்லை. இந்தக் கரை உங்களுக்குத்தான் தெரியும்.”

திருமேனி வேட்டியை வரிந்து கட்டினான். பிறகு இறங்கினான். காலால் துழாவி வாயைக் கண்டுபிடித்தான். இருவரும் மாறி மாறி முங்கி அடைத்தார்கள். கசிவு நின்றது.

அடிகளும் திருமேனியும் மடத்துக்குத் திரும்பினார்கள். சடையன் கரையிலேயே காவலுக்கு இருந்துவிட்டான். அவன் அங்கே இருப்பதும் திருமேனிக்குப் பொறுக்கவில்லை; வழியில் அடிகளிடம் கேட்டான்.

“வளையைக் கண்டுபிடித்தவன் நான். ஏரியை எனக்கே திருப்பித் தரக்கூடாதா?”

“சடையனும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.”

“எதை?”

“உன்னிடமே கொடுத்துவிடச் சொல்லி. அதனால்தான் அவனிடம் விட்டிருக்கிறேன்.”