மான் ரவை

முதலில் தேயிலைத் தோட்டத் துரையின் ஆட்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் குழாயை அடைத்தார்கள். அடுத்து, பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகையைப் பூட்டினார்கள். மூன்றாவதாகச் சங்கத்தின் கொடிக்கம்பத்தை அறுத்தார்கள். மாசி பதினாறாம் தேதி, நான்காவதாக, சுட்டார்கள்.

ஒரு ஆள் செத்தான். காவல்காரன் தேயிலைக்குள் மேய்ந்த மானைச் சுட்டான், குறி தவறிவிட்டது என்று துரை எழுதிக் கொடுத்தார். நேரில் பார்த்த ஒன்பது பேர் கைநாட்டு வைத்தால் மாஜிஸ்திரேட் விசாரிப்பார். மாசி இருபதாம் தேதி மாலைக்குள் வைக்காவிட்டால் வழக்கு முடிந்தது.

இருபதாம் தேதி, தினமும் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். ஒருவரும் விரலை நீட்டவில்லை.

சங்கச் செயலாளர் ஜேசுராஜ் தான் எழுதிய மனுவோடு களத்தின் ஓரத்தில் நின்ற சிட்டம்மாவிடம் போனார். அவள் கொழுந்து பறிப்பவள். எழுத்துத் தெரியாது. மூன்று வேலைநிறுத்தம் நடத்தியவள். ஜேசுராஜ் போராட்டம் கற்றது அவளிடம்தான்.

"படிங்க" என்றாள்.

"காவல்காரனோட தோட்டாப் பெட்டியில 'பக்‌ஷாட்'னு போட்டிருக்கு அக்கா. அகராதியில பார்த்துட்டேன். பக்குன்னா ஆண் மான். ஷாட்டுன்னா ரவை. மான் வேட்டைக்குன்னே வார்த்த ரவை. அதால மனுசனைச் சுட்டிருக்கான்! ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்."

"ரெண்டு பக்கமும் மானா?"

சாட்சிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். ஜேசுராஜுக்குச் சுருக்கென்றது.

"துண்டறிக்கை படிச்சே இங்கிலீஷ் கத்தவன் நான். துரையோட வக்கீலுக்கே இது தெரியாது அக்கா."

"தெரியாட்டி என்ன, நீங்கதான் சொல்லிக் குடுக்கிறீங்களே. மானுக்கு வச்ச ரவைன்னுதானே துரையும் சொல்றான்?"

ஜேசுராஜ் தாளைப் பார்த்தார்.

"அப்ப நம்ம கையில வேற என்ன இருக்கு?"

"காட்டு மானுக்குப் பேரு உண்டா?"

"அதுக்கு ஏது பேரு?"

"இதுல செத்தவன் பேரு எங்க?"

தேடினார். 'ஒரு தொழிலாளி' என்று நான்கு இடத்தில் இருந்தது. பெயர் இல்லை.

"கணக்கப்பிள்ளை மறுநாள் பெரட்டுலயே அந்தப் பேரைத் தாண்டிப் போயிட்டான்" என்றாள் சிட்டம்மா. "நீங்களும் தாண்டிட்டீங்க."

ஜேசுராஜ் இரண்டு பக்கத்தையும் கிழித்தார். புதுத்தாளில் ஒரு வரி எழுதினார். கணக்கப்பிள்ளை நின்று பெயர் கூப்பிடும் கல்லின்மேல் ஏறினார்.

ஒன்பது பேரும் தாமாகவே வரிசையில் நின்றார்கள்.

அவர் உரக்க வாசித்தார்:

"மேல் டிவிஷன், மூணாம் லயம், பேச்சிமுத்து மகன் வீரமலை."